மேடையா, ஜாக்கியா, ஸ்டாண்டா: வீட்டு ஒர்க்‌ஷாப்புக்கு எந்த பைக் லிஃப்ட்?

பைக் லிஃப்ட் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அது எத்தனை கிலோ தூக்கும் என்பதைத்தான். அதில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. மேடை லிஃப்டுகளில் சாதாரணமானதே 1,000 பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ தாங்கும். அடுத்த அளவு 1,500 பவுண்டு, 680 கிலோ. அன்றாடம் ஓட்டுகிற பைக்குகளோ 110 கிலோவிலிருந்து 220 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஹோண்டா கோல்ட் விங் மாதிரியான பெரிய டூரிங் வண்டிகள் 350 கிலோவைத் தாண்டும், அவையும் 450க்குள்தான். எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லா லிஃப்டும் பாஸ்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. தூக்கி நிறுத்திய பிறகு வண்டியின் பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? சக்கரத்தின் மேலா, ஸ்விங் ஆர்மின் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) மேலா, சேசிஸின் (வண்டியின் சட்டம்) மேலா? பாரம் எதன் மேல் நிற்கிறதோ அதைக் கழற்ற முடியாது. சக்கரத்தில் நிற்கிற வண்டியில் சக்கரத்தைக் கழற்ற முடியாது. ஸ்விங் ஆர்மில் நிற்கிற வண்டியில் பின் ஷாக்கைக் கழற்ற முடியாது. சொன்னால் சின்னப்பிள்ளைக் கணக்கு மாதிரி இருக்கும். ஆனால் பெரிய மேடை லிஃப்டை வாங்கி வீட்டில் இறக்கிய பிறகு, டயர் மாற்றும் நாளில், "இதற்கு இன்னொரு ஜாக்கி வேண்டுமே" என்று தலையைச் சொறிகிறவர்கள் நிறையப் பேர்.

அதனால் இந்த ஒப்பீடு முழுக்க அந்தக் கணக்கை வைத்தே போகிறது: எந்த வேலைக்கு எங்கே பிடிக்க வேண்டும், அப்படிப் பிடிக்கிற சாமான் எது, அது வீட்டில் எவ்வளவு இடத்தை விழுங்கும்.

சென்டர் ஸ்டாண்டும் பேடாக் ஸ்டாண்டும்

வண்டியில் சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் பாதி வேலைக்குக் கை கொடுத்துவிடும். அது சேசிஸில் பிடிக்கிற ஸ்டாண்ட். செயின் கழுவ, எண்ணெய் போட, செயின் டென்ஷன் பார்க்க, பின் சக்கரம் கழற்ற அதுவே போதும். எஞ்சின் பக்கம் சேசிஸுக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்து முன்பக்கத்தையும் நிமிர்த்தினால் முன் சக்கரமும் கழலும். சென்டர் ஸ்டாண்ட் உள்ள வண்டி ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு, வருடத்துக்குச் சில தடவை ஆயில் மாற்றி, செயினைப் பார்த்துக்கொள்கிறவருக்கு லிஃப்ட் ஆசை வந்தால், அந்தப் பணத்துக்கு நல்ல டார்க் ரெஞ்ச், அதாவது நட்டை அளந்து முறுக்கும் ஸ்பானர், வாங்கச் சொல்வேன்.

சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிகளுக்குப் பேடாக் ஸ்டாண்ட், அதாவது வண்டிக்கு வெளியே இருந்து நெம்பித் தூக்கும் தனி ஸ்டாண்ட். பின்பக்க ஸ்டாண்ட் ஸ்விங் ஆர்மின் கடைசியில் பிடிக்கும். ஸ்விங் ஆர்மில் திருகு ஓட்டை இருந்தால் ஸ்பூல் என்ற சின்ன உருளையை மாட்டிக்கொள்ளலாம். வண்டியைப் பொறுத்து அந்தத் திருகு எம்6, எம்8, எம்10 என்று மாறும். வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்வது நல்லது. ஓட்டை இல்லாவிட்டால் எல் வடிவ ரப்பர் தாங்கிகள். ஸ்பூல் கொக்கிக்குள் உட்கார்ந்துவிடும், நகராது. ரப்பர் தாங்கி வழுக்கும், அதுவும் ஸ்விங் ஆர்மில் செயின் எண்ணெய் படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒற்றைப் பக்க ஸ்விங் ஆர்ம் உள்ள வண்டிகளுக்கு சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள் நுழையும் ஊசி (பின்) வைத்த தனி ஸ்டாண்ட் வேண்டும். அதில் பின்னின் விட்டமும், வலமா இடமா என்பதும் வண்டிக்கு வண்டி வேறு.

முன்பக்க ஸ்டாண்டில் இரண்டு வகை. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களின் அடியில் பிடிப்பது ஒன்று. ஸ்டீயரிங் தண்டின் ஓட்டையில் பின்னை ஏற்றிப் பிடிப்பது இன்னொன்று. ஃபோர்க்கின் அடியில் பிடிப்பதை வைத்து முன் சக்கரத்தைக் கழற்றலாம், பிரேக் பேட் மாற்றலாம். ஃபோர்க்கைக் கழற்ற வேண்டுமென்றால் இரண்டாவது வகைதான் வேண்டும். கோன் செட், அதாவது ஸ்டீயரிங் தண்டின் பேரிங், மாற்றும் வேலைக்கு இரண்டுமே உதவாது. அங்கே ஸ்டீயரிங் தண்டே வெளியே வர வேண்டும். எப்போதும் பின்பக்கத்தை முதலில் தூக்கி, அது நிலையாக நின்ற பிறகே முன்பக்கம். இறக்கும்போது தலைகீழ் வரிசை.

பேடாக் ஸ்டாண்டின் பெரிய வசதி, வேலை முடிந்ததும் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடலாம். வசதிக்குறைவு, வண்டி தரையை விட்டு ஒரு சாண் கூட ஏறாது. குனிந்தே, குந்தியே வேலை.

சேசிஸுக்கு அடியில் நுழையும் ஜாக்கிகள்

இங்கேதான் எனக்கு அபிப்பிராய பேதம் அதிகம். வீட்டு ஒர்க்‌ஷாப்புக்கு உண்மையில் அதிகம் உழைப்பது இந்தச் சின்ன ஜாக்கிதான். ஆனால் படத்தில் கம்பீரமாகத் தெரிவது மேடை என்பதால் இதை யாரும் மதிப்பதில்லை.

கத்தரி ஜாக்கி, அதாவது சிசர் ஜாக்கி, ஒரு கைப்பெட்டி அளவுதான் இருக்கும். மேலே ரப்பர் ஒட்டிய தட்டு, நடுவில் நீளத் திருகு. சாக்கெட் மாட்டிச் சுற்றினால் ஏறும். அந்தத் திருகின் மரையின் வெட்டு வடிவம் சதுரத்தை நெருங்கிய டிரபீஸாய்டு (சரிவகம்). பாரம் தானாகத் திருகைப் பின்னோக்கிச் சுற்றாது. சீல் கிடையாது, ஆயில் கிடையாது, ஒழுகல் கிடையாது. ராத்திரி ஏற்றி வைத்த உயரத்தில்தான் காலையிலும் நிற்கும். மடங்கிக் கிடக்கும்போது சுற்ற மகா கஷ்டமாக இருக்கும், ஏற ஏற லேசாகும். கத்தரி வடிவத்தின் இயல்பு அது: கைகள் படுத்திருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் தூக்கவே நிறைய விசை கேட்கும்.

இன்னொன்று சக்கரம் வைத்த தரை ஜாக்கி. இரண்டு நீளக் கைகளை வண்டிக்கு அடியில் விட்டு, காலால் பெடலை மிதித்தால் ஹைட்ராலிக்கில் ஏறும். க்ரூஸர் மாதிரி அடியில் தட்டையான சேசிஸ் குழாய்கள் ஓடுகிற வண்டிகளுக்கு இது அளந்து தைத்தது. ஏற்றி, பூட்டி, அப்படியே தள்ளிச் சுவரோரம் நிறுத்தலாம். இரண்டு வண்டி, மூன்று வண்டி வைத்து இட நெருக்கடியில் இருக்கிறவர்களுக்கு இந்தத் தள்ளுகிற வசதி பெரிய விஷயம்.

சிக்கல் எங்கே என்றால், நிறைய வண்டிகளில் எஞ்சினுக்கு அடியில் சேசிஸே கிடையாது. எஞ்சினே சேசிஸின் ஒரு பகுதியாகத் தொங்கும். அடியில் கைக்குத் தட்டுப்படுவது அலுமினிய ஆயில் சம்ப் (எண்ணெய்த் தொட்டி), டிரெயின் போல்ட், பெண்ட் பைப் (புகைக் குழாய்), சில வண்டிகளில் ஆயில் ஃபில்டரும்கூட. ஜாக்கியின் கை பெண்ட் பைப்பில் பட்டால் நசுங்கும். சம்ப்பின் ஒரு மூலையில் பட்டால் விரிசல் விடும். சம்ப்பின் பரந்த இடத்தில் மரப்பலகை கொடுத்துச் சிலர் தூக்குகிறார்கள். சர்வீஸ் மேனுவலில் அந்த இடத்தைக் காட்டியிருந்தால் ஒழிய நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆக, இந்த ஜாக்கியை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்குச் செலவே இல்லை. தரையில் படுத்து, டார்ச் அடித்து, வண்டியின் வயிற்றைப் பார்ப்பது. ஒன்றுக்கொன்று இணையாக, சம உயரத்தில் இரண்டு குழாயோ இரண்டு விளிம்போ தெரிந்தால் ஜாக்கி. தெரியாவிட்டால் வேறு வழி.

சமநிலையையும் சொல்ல வேண்டும். 200 கிலோ வண்டி ஒன்றை ஜாக்கியில் ஏற்றியாகிவிட்டது, இரண்டு சக்கரமும் தரையை விட்டுக் கொஞ்சம் மேலே, கையை எடுத்தால் ஆடாமல் நிற்கிறது. இப்போது பின் சக்கரத்தைக் கழற்றுகிறோம். டயர், ஸ்ப்ராக்கெட், டிஸ்க் எல்லாம் சேர்த்து 14 கிலோ என்று வைப்போம். அது இருந்த இடம் வண்டியின் எடை மையத்திலிருந்து சுமார் 70 செ.மீ. பின்னால். அது போனதும் மிச்ச வண்டியின் எடை மையம் 5 செ.மீ. முன்னால் நகர்ந்துவிடும். ஜாக்கித் தட்டின் நீளமே 35, 40 செ.மீ.தான். நடுவில் சரியாக உட்கார்ந்திருந்த வண்டிக்கு அது பொறுக்கும். ஏற்கெனவே முன்பாரமாக, தட்டின் ஓரத்தில் தொற்றிக்கொண்டிருந்த வண்டி மூக்கைக் குத்திவிடும். அதனால் பின் சக்கரம் கழற்றப் போகிறீர்கள் என்றால் முன் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும், பின்பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறினால் போதும், முன் பிரேக் லீவரை ஹேண்டில் பிடியோடு சேர்த்து ஒரு பட்டையால் கட்டிவிடுங்கள். முன் சக்கரம் என்றால் எதிர்மாறு: பின்பக்கத்தைக் கீழ்நோக்கி ஸ்ட்ராப்பில் இழுத்துக் கட்ட வேண்டும்.

ஆக்ஸில் நட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய வண்டிகளின் பின் ஆக்ஸில் நட் 100 நியூட்டன் மீட்டர் அளவில் முறுக்கியிருப்பார்கள். பல வருடம் தொடாமல் கிடந்தால் அதைவிட அதிக பலம் கேட்கும். அந்த பலத்தை ஜாக்கி மேல் நிற்கிற வண்டியில் கொடுக்கக் கூடாது. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை அசைத்துத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்க வேண்டும். கடைசி முறுக்கும் அப்படியே, இறக்கிய பிறகு. கார் டிக்கியில் கிடக்கும் ஜாக்கியை பைக்குக்குப் போடுகிற பழக்கமும் வேண்டாம். அதன் தலை ஒரு புள்ளியில் தாங்குவதற்கென்று செய்தது. பைக்குக்கு அகலம் வேண்டும்.

மேடை லிஃப்ட்

இப்போது எல்லாரும் ஆசைப்படுகிற சாமான். 2.1, 2.2 மீட்டர் நீளம், 55 முதல் 70 செ.மீ. அகலம், முன்னால் சக்கரத்தைக் கவ்வும் பிடி, பின்னால் கழற்றி மாட்டும் சரிவுப்பலகை. மடங்கிக் கிடக்கும்போது தரையிலிருந்து 18, 20 செ.மீ.; ஏறினால் 75 செ.மீ.க்கு மேல், சில லிஃப்டுகள் ஒரு மீட்டரைத் தாண்டியும் போகும். லிஃப்டின் சொந்த எடையே பெரும்பாலும் 150 கிலோவுக்கு மேல்.

இதன் லாபம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய லாபம்: உயரம். கார்புரேட்டர் கழற்றுவது, டேப்பட் அட்ஜஸ்ட் செய்வது, கிளட்ச் பிளேட் மாற்றுவது, வயரிங்கில் எங்கே அறுந்திருக்கிறது என்று தேடுவது, எல்லாம் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்தபடி எஞ்சினைப் பார்க்கலாம். கீழே விழுந்த போல்ட் மேடையிலேயே கிடக்கும், அலமாரிக்கு அடியில் உருண்டு ஓடாது. முழங்காலும் இடுப்பும் மக்கர் பண்ணுகிற வயதில் இருப்பவர் வீட்டில் வேலை செய்வதைத் தொடர்வாரா விட்டுவிடுவாரா என்பதையே இந்த உயரம் தீர்மானிக்கும். அந்த ஒரு காரணம் இருந்தால் மற்ற எல்லாக் குறையையும் மன்னித்து வாங்கலாம்.

குறைகளுக்கு வருவோம். மேடையில் வண்டி தன் சக்கரத்தில்தான் நிற்கிறது. முன் சக்கரத்தைக் கவ்வியிருக்கும் பிடிதான் அதை நிமிர்த்தி வைத்திருக்கிறது. முன் சக்கரத்தையே கழற்றப் போனால் அந்தப் பிடிக்கு வேலையில்லை. அப்போது மேடை மேலேயே கத்தரி ஜாக்கியை வைத்துச் சேசிஸைத் தூக்கி, நாலு பக்கமும் ஸ்ட்ராப் இழுத்துக் கட்ட வேண்டும். பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் சுலபம். நல்ல மேடைகளில் பின்முனையில் கழற்றக்கூடிய ஒரு தகடு இருக்கும். அதை எடுத்துவிட்டால் சக்கரம் கீழ்நோக்கி இறங்கி வெளியே வந்துவிடும், மட்கார்டில் இடிக்காமல் வெளியே எடுக்கும் அளவுக்கு வண்டியை உயர்த்தத் தேவையில்லை. இந்தத் தகடு இல்லாத மேடையை நான் வாங்கமாட்டேன். ஆனால் தகட்டை எடுத்தாலும் வண்டியின் பின்பக்கத்தை ஏதாவது ஒன்று தாங்கியாக வேண்டும். ஆக எப்படிப் பார்த்தாலும் மேடை வாங்கினால் ஜாக்கியும் வாங்குகிறீர்கள். ஜாக்கி வாங்கினால் மேடை கட்டாயமில்லை.

எதனால் ஏறுகிறது என்பதில் நாலைந்து வகை. கால் மிதி ஹைட்ராலிக் மலிவு, எளிது, கரண்ட் வேண்டாம். மிதிக்கப் பொறுமை வேண்டும். ஏர் ஹைட்ராலிக்கில் மிதிப்பதைக் கம்ப்ரஸர் காற்று செய்கிறது, பாரத்தைத் தாங்குவது எண்ணெய்தான். கம்ப்ரஸர் ஏற்கெனவே இருப்பவருக்கு இது சரியான தேர்வு. இதற்காகவே கம்ப்ரஸர் வாங்குவது வீண். முழுக்கக் காற்றிலேயே ஏறும் வகையும் உண்டு. காற்று அமுங்கி விரியும் வஸ்து என்பதால், கனமான பாகம் ஒன்றைக் கழற்றித் தூக்கும்போது மேடை லேசாகத் துள்ளும். பூட்டில் உட்கார வைத்தால் ஒழிய எனக்கு அதில் நிம்மதி கிடையாது. மோட்டார் வைத்த ஹைட்ராலிக் பட்டனில் ஏறும். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கரண்ட் போனால் கையால் இறக்கும் வால்வு இருக்கிறதா, அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு ஒன்றைச் சொல்லச் சொன்னால் கால் மிதி. மாதத்துக்கு ஓரிரு தடவை ஏற்றி இறக்குகிற சாமானுக்கு இரண்டு நிமிட மிதி பெரிய வேலையில்லை.

எந்த வகையானாலும் பூட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. எண்ணெய் தூக்குவதற்கு, தாங்குவதற்கு இரும்பு. வேண்டிய உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி, பூட்டுக் கம்பியைப் பள்ளத்தில் போட்டு, ரிலீஸ் வால்வை மெதுவாகத் திறந்து, மேடை 'டக்' என்று கம்பியில் உட்காரும் சத்தம் கேட்கும் வரை இறக்க வேண்டும். அதன் பிறகு சீல் கிழிந்தாலும் மேடை அசையாது. இறக்கும்போது இரண்டு மிதி மேலே ஏற்றினால்தான் கம்பி விடுபடும். விடுபட்டதும் அதை எடுத்துவிட்டு, மேடைக்கு அடியைக் குனிந்து ஒரு பார்வை. ஸ்டூல், ஆயில் தட்டு, பூனை, குழந்தை, எது வேண்டுமானாலும் அங்கே இருக்கலாம். கத்தரிக் கைகள் மூடும் இடத்தில் கை வைக்கவே கூடாது. மேடை ஏறி நிற்கும் அறைக்கு, ஆள் இல்லாத நேரத்தில் பூட்டு போட்டுவிடுவது நல்லது.

ஏற்றுவதுதான் பலருக்குப் பயம். 200 கிலோ வண்டியைத் தனியாளாகத் தள்ளி ஏற்ற முடியுமா? கணக்கு போட்டுப் பார்க்கலாம். மேடை உயரம் 20 செ.மீ., சரிவுப்பலகை 60 செ.மீ. என்றால் சரிவு மூன்றில் ஒரு பங்கு. ஆனால் வண்டியின் இரண்டு சக்கரத்துக்கும் இடையே சுமார் 1.4 மீட்டர் இருப்பதால், ஒரு நேரத்தில் ஒரே சக்கரம்தான் சரிவில் இருக்கும், அதாவது பாதி எடை. 100 கிலோவில் மூன்றில் ஒரு பங்கு, 33 கிலோ தள்ளு. முதல் சக்கரத்துக்கு ஒரு தம், நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாவது சக்கரத்துக்கு இன்னொரு தம். உடம்பில் தெம்பு இருந்தால் முடியும். ஆனாலும் முதல் சில தடவை எதிர்ப்பக்கம் ஒருவர் நின்று பிடித்துக்கொள்வது நல்லது. எஞ்சினை ஓடவிட்டு முதல் கியரில், அரை கிளட்சில், பக்கத்தில் நடந்தபடி ஏற்றுவதும் உண்டு. கிளட்ச் கை பழகியவர்களுக்கு மட்டும் அது. மேடையின் முன்முனையைத் தாண்டிச் சுவரைத் தொட அரை விநாடி போதும்.

தாழ்வான வண்டிகளுக்கு வேறொரு தொல்லை. முன் சக்கரம் மேடையில், பின் சக்கரம் சரிவின் அடியில் இருக்கும் கணத்தில் மேடையின் விளிம்பு வண்டியின் வயிற்றை நோக்கி எட்டிப் பார்க்கும். மேலே சொன்ன அதே அளவுகளில் அந்த விளிம்பு இரண்டு சக்கரங்களின் அடிமட்டத்தை இணைக்கும் கோட்டிலிருந்து 12 செ.மீ. மேலே வரும். க்ரூஸர்களின் கிரவுண்ட் கிளியரன்ஸ் கிட்டத்தட்ட அவ்வளவுதான், உரசும். சரிவுப்பலகையை 1.2 மீட்டராக நீட்டினால் 12 என்பது 6 ஆகக் குறைந்துவிடும். லிஃப்டோடு வருகிற குட்டைப் பலகையோடு மல்லுக்கட்டாமல் நீளமாக ஒன்று அடித்துக்கொள்ளலாம்.

சைடு ஸ்டாண்ட் எங்கே ஊன்றும் என்பதையும் பாருங்கள். குறுகலான மேடையில் அது விளிம்புக்கு வெளியே அந்தரத்தில் தொங்கும். பக்கத்தில் நீட்டிப்புத் தகடு மாட்டும் வசதி உள்ள மேடையாக இருந்தால் ஏற்றிய பிறகு ஒரு நிமிடம் கையை விட்டு ஸ்ட்ராப்பை எடுக்கலாம். ஸ்ட்ராப்பை ஹேண்டில் பாரின் நுனியில் போடாமல் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த்தட்டில் போட்டு, முன்னும் பக்கவாட்டுமாக இழுத்துக் கட்டுங்கள். ஃபோர்க் கொஞ்சம் அமுங்கினால் போதும், அடிவரை அமுக்க வேண்டாம்.

இடம் என்று வரும்போது, மேடை 2.2 மீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது. அதற்குப் பின்னால் சரிவுப்பலகை, அதற்கும் பின்னால் வண்டியை நேராக நிறுத்தித் தள்ள இன்னொரு வண்டி நீளம். 5 மீட்டர் நேர்கோடு வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து வேலை செய்ய முக்கால் மீட்டராவது. உயரத்திலும் கணக்கு இருக்கிறது. கண்ணாடியோடு சேர்த்து வண்டி 1.2 மீட்டர், மேடை 90 செ.மீ.; 2.1 மீட்டரில் உங்கள் கண்ணாடி இருக்கும். உயரமான விண்ட் ஷீல்டு வைத்த அட்வென்ச்சர் வண்டி என்றால் இன்னும் மேலே. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றினால், ஷட்டர் சுருள் தொங்கினால், முதல் தடவை ஏற்றும்போதே தெரிந்துவிடும், கொஞ்சம் தாமதமாக.

தரையும் முக்கியம். லிஃப்டும் வண்டியும் சேர்ந்து 400 கிலோ, நாலு சின்னக் காலில் இறங்குகிறது. கெட்டியான சிமெண்ட் தரை தாங்கும். டைல்ஸ் கீறும், அடியில் வெற்றிடம் இருந்தால் உடையும். தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருக்கும் தரையாக இருந்தால் மேடையின் கால்களுக்குத் தகடு கொடுத்து மட்டம் பிடிக்க வேண்டும். ஏறும்போதே பக்கவாட்டில் சாய்கிற மேடையில் வண்டியை ஏற்றாதீர்கள்.

வேறு மூன்று வழிகள்

ஒற்றைத் தூண் ஸ்டாண்ட் என்று ஒரு வகை இருக்கிறது. ஜெர்மன் தயாரிப்பான பர்சிக் இதில் பெயர் பெற்றது. வண்டியின் பக்கவாட்டில் சேசிஸின் குறிப்பிட்ட ஓட்டைகளில் அந்த வண்டிக்கென்றே செய்த தகட்டைச் செருகி, நெம்புகோலை அழுத்தினால் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும். பிடிப்பது சேசிஸில் என்பதால் இரண்டு சக்கரம், ஃபோர்க், ஷாக் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றிப் போட்டுவிடலாம். அடிவயிற்றில் ஜாக்கி வைக்க இடமில்லாத ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்கு இதற்கு ஈடு கிடையாது. உயரம் கிடைக்காது, வண்டியை மாற்றினால் தகட்டையும் மாற்ற வேண்டும்.

கூரையில் உறுதியான உத்தரம் இருந்தால் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) ஒன்றைத் தொங்கவிட்டு, பட்டை போட்டு முன்பக்கத்தைத் தூக்கலாம். கோன் செட், ஃபோர்க் வேலைகளுக்கு அருமை. எஞ்சினை இறக்கி ஏற்றவும் அதே பிளாக் உதவும். உத்தரம் எவ்வளவு தாங்கும் என்று நிச்சயமாகத் தெரியாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

மூன்றாவது, மர மேடை. கனமான சட்டங்கள், 18 மி.மீ. பிளைவுட், 40 செ.மீ. நிலையான உயரம், 2.4 மீட்டர் சரிவுப்பலகை. ஏறாது இறங்காது, கெட்டுப்போகவும் ஒன்றுமில்லை. 200 கிலோ வண்டியைத் தள்ள இங்கேயும் அதே 33 கிலோதான் வரும், இந்தத் தடவை நீண்ட தூரத்துக்கு. ஸ்டூலில் உட்கார்ந்தால் எஞ்சின் நெஞ்சுக்கு நேராக இருக்கும். மேலே ஒரு கத்தரி ஜாக்கியை வைத்துக்கொண்டால் மேடை லிஃப்டில் செய்யும் வேலையில் முக்கால்வாசியைச் செய்துவிடலாம். வேலை இல்லாத நாளில் அதுவே சாமான் வைக்கும் பெஞ்ச். மரவேலை தெரிந்தவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

யாருக்கு எது

ஒரே வண்டி, வழக்கமான சர்வீஸ் மட்டும் என்றால் சென்டர் ஸ்டாண்ட் அல்லது பேடாக் ஸ்டாண்ட், அதோடு சரி. டயர், பிரேக், ஷாக், கோன் செட் வரை கை வைக்கிறவர் வண்டியின் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கத்தரி ஜாக்கியோ ஒற்றைத் தூணோ வாங்கட்டும். இரண்டு மூன்று வண்டி, பழைய வண்டியைப் பிரித்துக் கட்டும் பழக்கம், எஞ்சின் வேலை, அல்லது குனிய முடியாத இடுப்பு, இதில் ஏதாவது இரண்டு பொருந்தினால் மேடை லிஃப்ட் தன் இடத்துக்கு உழைக்கும். ஒன்றுகூடப் பொருந்தாமல் வாங்கினால், பெயின்ட் டப்பாவும் பழைய ஹெல்மெட்டும் வைக்கிற மேஜையாக அது மாறுவதற்கு அதிக நாள் ஆகாது. மேடையும் ஜாக்கியும் இரண்டும் வாங்கும் எண்ணம் இருந்தால் ஜாக்கி முதலில்.

பழைய லிஃப்ட் வாங்குவது இந்தச் சாமானில் புத்திசாலித்தனம்தான். இரும்பும் எண்ணெயும் தவிர பெரிதாக உள்ளே ஒன்றுமில்லை. பிஸ்டன் தண்டில் துருப்பள்ளம் இருந்தால் சீல் எத்தனை மாற்றினாலும் ஒழுகும், விட்டுவிடுங்கள். கத்தரிக் கைகளின் பின்கள் ஓட்டையில் ஆடுகின்றனவா, உருளைகள் ஓடும் தடம் நெளிந்திருக்கிறதா, வெல்டிங் ஓரத்தில் மயிர்க்கோடு மாதிரி விரிசல் இருக்கிறதா, பூட்டுக் கம்பி அசல்தானா அல்லது யாரோ கிடைத்த கம்பியைச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். மிதித்தும் ஏறவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் உள்ளே காற்று சிக்கியிருக்கும். ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து முறை மிதித்தால் போய்விடும். எண்ணெய் குறைந்திருந்தால் ஹைட்ராலிக் ஜாக் ஆயிலை ஊற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் ஊற்றியதாக விற்பவர் சொன்னால் சீல்கள் ஊறி வீணாகியிருக்கும், அந்தச் செலவைக் கழித்துப் பேசலாம். கடைசியாக, ஒரு வண்டியை ஏற்றி, பாதி உயரத்தில், பூட்டுக் கம்பிக்கு மேல் ஒரு விரல் இடைவெளி விட்டு, எண்ணெயிலேயே அரை மணி நேரம் நிற்க விடுங்கள். யாரும் அடியில் போக வேண்டாம். தொடக்கத்திலும் முடிவிலும் டேப் பிடித்து உயரத்தை அளந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.